ஒரு பிஸ்கட், நான்கு மணி நேரம்

அத்தியாயம் 9

சீட்டில் மொத்தம் ஆறே வரி. மாவு, சர்க்கரை, எண்ணெய், பால் பொடி, அடுப்பின் சூடு, எத்தனை நிமிடம். பால் பொடியின் அளவுக்குக் கீழே டாக்டர் இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

அதைச் சுண்டுவின் அம்மா ஒரு வாரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். பிஸ்கட் உறை, மருந்துப் பெட்டி, சோப்பு அட்டை என்று அங்கே அச்சாகும் பொடி எழுத்தெல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். அப்படிப்பட்டவளுக்கு ஆறு வரி மனப்பாடமாக எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனாலும் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

வீட்டில் பிஸ்கட் சுடும் அடுப்பு இல்லை. கடையில் விற்கும் பிஸ்கட்டில் எவ்வளவு பால் என்று அட்டையில் போடுவதில்லை. அவளுக்குத் தெரியாதா அது! அளந்து சுடத் தெரிந்தவர் சொந்தத்தில் ஒரே ஒருவர்தான். பேக்கரி நடத்தும் சுண்டுவின் அத்தை, கணவனின் அக்கா.

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கணவன் மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை கொஞ்சம் அதிகமாகவே அவசரப்பட்டான்.

"வேணாம். அளவு விஷயம். நானே நின்னு பாக்கணும்."

"ரெண்டு வருஷமா நீ அக்காகிட்ட பேசலையே."

"பேசப் போகல. பிஸ்கட் சுடப் போறேன்."

ஆக, அந்தப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, இரண்டு வருடமாக மிதிக்காத பேக்கரியின் பின்வாசல் படியில் அவள் ஏறினாள்.

இரண்டு வருடக் கதை சின்னதுதான்.

சுண்டு பிறந்த மூன்றாவது வாரமே பால் அவளுக்கு ஆகவில்லை. வாந்தி, பேதி, மலத்தில் இழை இழையாக ரத்தம். எடை அட்டையில் மற்றக் குழந்தைகளின் கோடு மேலே ஏற, இவள் கோடு படுத்துக்கொண்டது. 'சுண்டுவிரல் அளவுதான் இருக்கா' என்று அப்பா கொஞ்சியது பெயராகவே ஒட்டிக்கொண்டது. தாய்ப்பால் கொடுத்த காலம் முழுக்க அம்மா பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடவில்லை. பிறகு மருத்துவமனையில் எழுதித் தந்த விசேஷ மாவு டப்பா. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும் அதைச் சுண்டு சப்புக்கொட்டிக் குடித்தாள்.

"முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு இது தானாப் போயிடும்மா. சிலருக்கு ஒரு வயசுல, சிலருக்கு மூணுல. இன்னும் சிலருக்குப் பள்ளிக்கூடம் சேர்ற வயசு ஆயிடும். கொஞ்சம் பேருக்கு இருந்துட்டே இருக்கும். உங்க பொண்ணு எந்த வரிசைன்னு அவ வயிறுதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ஒரு வயதில் போகவில்லை. இரண்டரை வயதில் மறுபடி பார்க்கலாம் என்று நாள் குறிப்பதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அச்சகத்தில் அவசர வேலை என்று அம்மா போய்விட, அப்பா குழந்தையை அக்காவின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. நிற்கவே இல்லை. துணி போலத் துவண்டு, வெளுத்து, இரண்டு நாள் கையில் ஊசியோடு கிடந்தாள் சுண்டு.

"என்ன சாப்பிட்டா?"

"அக்கா பன் குடுத்துட்டா."

மூன்றே வார்த்தை. அதோடு நாத்தனார் உறவு அறுந்தது. அவள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. நாத்தனாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது சுண்டுவுக்கு நாலரை வயது. அளந்த பாலோடு ஒரு பிஸ்கட் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் இந்தப் புதன்கிழமையைக் குறித்திருந்தார்.

பேக்கரியின் பின்கட்டில் காலை விற்பனைக்கான ரொட்டி எல்லாம் வெளியே போய்விட்டது. மேடைமேல் மாவுப் புழுதி. பெரிய அடுப்பு மட்டும் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி தலையில் துணி கட்டியிருந்தாள். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள், வளையல் போல வரிசையாக. 'வா' என்று சொல்லவில்லை. 'ஏன் வந்தே' என்றும் சொல்லவில்லை.

"சீட்டைக் குடு."

வாங்கிப் படித்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தாள். பிறகு சுவரோரம் இருந்த சின்ன மேடையைக் காட்டினாள்.

"அதை ரெண்டு தடவ கழுவிட்டேன். பாத்திரம் புதுசு. மாவு இப்பத்தான் பிரிச்ச பொட்டலம். தட்டுக்குக் காகிதம் விரிச்சிருக்கேன். வேற ஏதாவது வேணுமா?"

"இல்ல அண்ணி. போதும்."

"அப்ப பொடிய நீயே அள."

"நீங்க அளந்தாலே..."

"நீயே அளம்மா. கூடக் குறைய ஆச்சுன்னா என் தலையில விழும்."

அது குத்தல்தான். சுண்டுவின் அம்மா தராசின் முன்னால் நின்றாள். எலக்ட்ரானிக் தராசு, ஒரு சிட்டிகை விழுந்தாலும் எண் மாறியது. கரண்டி நுனியால் தட்டித் தட்டி, சீட்டில் இருந்த எண்ணுக்குக் கொண்டுவந்தாள். அண்ணி மாவைப் பிசைந்தாள். மோதிரமில்லாத, நகத்தை ஒட்ட வெட்டிய கை. பன்னிரண்டு உருண்டை பிடித்து ஒவ்வொன்றையும் தராசில் வைத்தாள். அதில் ஓர் உருண்டை மட்டும் இரண்டு கிராம் கூடுதலாக இருந்தது. கிள்ளி எடுத்தாள்.

தட்டு உள்ளே போயிற்று. இனி காத்திருக்க வேண்டியதுதான். வேலை செய்யும்போது இல்லாத சங்கடம் கை சும்மா இருக்கும்போது வந்துவிடும்.

"எப்படி இருக்கா?" என்றாள் அண்ணி, அடுப்பைப் பார்த்தபடி.

"நல்லா இருக்கா. வாய் ஓயறதில்ல."

"எடை?"

"பதினஞ்சு."

அண்ணி தலையாட்டினாள். "போன வருஷம் பதிமூணுன்னு சொன்னான்" என்றாள்.

"அவர் இங்க வருவாரா?"

"மாசத்துக்கு ஒரு தடவ வருவான். பிசையற மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டுப் போவான். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" அடுப்பின் கண்ணாடிக் கதவை அவள் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "ஒவ்வொரு தடவையும் கேப்பேன். அவளுக்கு இன்னும் கோவமாடான்னு. ஆமாக்கான்னுவான்."

"பழைய கதை வேணாம் அண்ணி."

"பழசுதான். நான் ஒண்ணும் இழுக்கல. ஆனா ஒண்ணு. நான் கேக்காம குடுத்தவ இல்ல."

சுண்டுவின் அம்மா நிமிர்ந்தாள்.

"என்ன கேட்டீங்க?"

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"ஒண்ணுமில்ல. விடு."

"யார்கிட்ட கேட்டீங்க அண்ணி?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்க."

அடுப்பு உறுமிக்கொண்டே இருந்தது. அண்ணி பேச்சைத் தராசில் வைத்தவள் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அன்னைக்கு இங்க நாலஞ்சு பிள்ளைங்க பன் தின்னுட்டிருந்தாங்க. இவ கையை நீட்டுனா. இதுல பால் இருக்குடா, குடுக்கலாமான்னு உன் புருஷன்கிட்டக் கேட்டேன். கொஞ்சந்தானேக்கா, அவ சும்மா பயப்படறா, எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைக்கிறது, குடுன்னான். குடுத்தேன்."

சுண்டுவின் அம்மா மேடை விளிம்பில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்தாள்.

"அவன் சொல்லியிருப்பான்னு இருந்தேன். சொல்லியும் நீ என்னை மன்னிக்கலன்னு இருந்தேன். சரி, புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவ, கோவம் இருக்கத்தான் செய்யும்னு..."

மணி அடித்தது. அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு தட்டை வெளியே இழுத்தாள். பன்னிரண்டு பிஸ்கட். எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம்.

"ஆறட்டும். சூட்டோட மூடினா வேர்த்துடும்" என்றாள்.

'அக்கா பன் குடுத்துட்டா.' பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் அவள் முன்னால் நின்றது. அதில் பொய் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அவள் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு: விடுபட்டது. கண்ணுக்குத் தெரியும் பிழையை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். இல்லாத சொல்லைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். சுண்டு அவன் தோள்மேல் ஏறி, வந்துபோகும் ஆம்புலன்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா என்ன சொன்னா?" என்றான் அவன்.

"பிஸ்கட் நல்லா வந்திருக்குன்னாங்க."

டப்பாவை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டப்பாவைப் பார்த்தான். 

பகல்நேர வார்டில் நாலு கட்டில். ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது. கண்ணாடி போட்ட, பதினோரு வயதுப் பெண். காலை மடக்கிக்கொண்டு கதைப்புத்தகம் படித்தாள். பக்கத்தில் அவள் அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

நர்ஸ் சுண்டுவின் எடை, நாடி, சூடு எல்லாம் குறித்துக்கொண்டாள். கை, முதுகு, வயிறு என்று தோலைப் பார்த்தாள். டாக்டர் வந்து முறையைச் சொன்னார். ஒரு பிஸ்கட்டை மூன்று துண்டாக்கி, கால் மணிக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். கடைசித் துண்டிலிருந்து நாலு மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும்.

"பாலை நல்லா சூட்டுல, மாவோட சேத்து வேக வைக்கும்போது அதோட குணம் கொஞ்சம் மாறும். அதனால முதல்ல பிஸ்கட். அது ஒத்துக்கிட்டா சில மாசம் கழிச்சு கேக், அப்புறம் தயிர். வெறும் பால் கடைசி. அவசரமே கிடையாது."

"இன்னைக்கு ஆகலன்னா டாக்டர்?"

"ஆகலன்னா ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு மறுபடி பாப்போம்."

போகும்போது நர்ஸ் அவள் காதோரம் சொன்னாள்: "பிள்ளை உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டே இருப்பா. சிரிச்ச மாதிரி இருங்கம்மா."

சிரித்த மாதிரி! அன்றைக்கு என்று பார்த்து!

அவள் முதல் துண்டை எடுத்து நீட்டினாள். சுண்டு வாங்கவில்லை.

"இதுல பால் இருக்கா?"

சுண்டு பேசக் கற்ற முதல் முழு வாக்கியம் அது. கடையில், பக்கத்து வீட்டில், பாலர் பள்ளியில், யார் எதை நீட்டினாலும் அவள் கேட்பது அதுதான். கேட்கச் சொல்லிக்கொடுத்தது அம்மா. இருக்கிறது என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பழக்கியதும் அம்மாதான்.

"இருக்கு. கொஞ்சம்."

இரண்டு கையும் பின்னால் போயிற்று.

"இன்னைக்கு சாப்பிடலாம்டி தங்கம். டாக்டர் சொல்லிட்டார்ல?"

"நீ சாப்பிடக் கூடாதுன்னு சொன்ன."

"அது அப்போ."

"இப்போ பால் நல்லதாயிடுச்சா?"

அப்பா சிரித்துவிட்டான். அம்மா திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"பால் அதேதான்" என்று அடுத்த கட்டிலில் இருந்து குரல் வந்தது. கண்ணாடிக்காரி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். "உன் வயிறு பெருசாயிடுச்சான்னு பாக்கறாங்க. எனக்கும் அதான். எனக்கு இது நாலாவது தடவ. பிடிக்கலன்னா துப்பிடலாம். நான் ஒரு தடவ டாக்டர் சட்டையிலயே துப்பியிருக்கேன்."

சுண்டுவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. டாக்டர் எங்கே என்று வாசலைப் பார்த்தாள். பிறகு துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். துப்பவில்லை.

"இனிப்பா இருக்கு" என்றாள், புகார் சொல்வது போல.

ஒன்பதே கால். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். மூன்று துண்டும் உள்ளே போயிற்று.

கண்ணாடிக்காரிக்கும் அவளுடைய பங்கு வந்தது. இரண்டாவது துண்டு சாப்பிட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. மணிக்கட்டைச் சொறிந்தாள். கழுத்தைச் சொறிந்தாள். தானே சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டு மணியை அழுத்தினாள்.

"சிஸ்டர், வந்துடுச்சு."

கைமுழுக்கச் சிவந்த தடிப்பு. உதடு லேசாக வீங்கியது. நர்ஸ்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். மருந்து, மூச்சுப் பரிசோதனை, டாக்டர். தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து, மகள் செருப்பைக் கையில் பிடித்தபடி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அரை மணியில் எல்லாம் அடங்கியது. அவளுக்குச் சோதனை நிறுத்தப்பட்டது.

"இவளுக்கு இருக்கறது வேற வகை. உடனே தெரிஞ்சுடும். உங்க பொண்ணுக்கு வயித்துலதான் வரும், வந்தா ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு" என்றாள் நர்ஸ்.

கண்ணாடிக்காரி அழவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அவளே தன் அப்பாவிடம் சொன்னாள். பிறகு ஊதிய உதட்டோடு சுண்டுவுக்கு மீன் வரையக் கற்றுக்கொடுத்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் தரையில் காகிதத்தை விரித்துக்கொண்ட பிறகு, சுண்டுவின் அம்மா ஜன்னல் பக்கம் போனாள். கணவன் பின்னாலேயே வந்தான்.

"அக்கா சொல்லிட்டா, இல்ல?"

"மெதுவாப் பேசுங்க. அவ பாக்கறா."

இரண்டு பேரும் மகளைப் பார்த்துச் சிரித்தார்கள். சுண்டு தன் மீனைத் தூக்கிக் காட்டினாள். அதற்குக் கால்கள் இருந்தன.

"நீங்கதான் குடுக்கச் சொன்னீங்களா?" என்றாள் அவள், சிரித்த முகம் மாறாமல்.

"ஆமா."

"ஏன்?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எல்லாப் பிள்ளைங்களும் தின்னுட்டிருந்தாங்க. இவ மட்டும் கைய நீட்டிட்டு நின்னா. எனக்குத் தாங்கல. நீ தேவையில்லாம பயப்படறேன்னு மனசுக்குள்ள இருந்துச்சு. கொஞ்சம் குடுத்துப் பாத்து, ஒண்ணும் ஆகலன்னா உனக்கும் காட்டலாம்னு."

"ஆச்சே."

"ஆச்சு."

"ஆனப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்து வாய் வரல. அக்கா குடுத்துட்டான்னு சொல்லிட்டேன். மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் நீ அக்காவத் திட்டிட்டிருந்த. இப்ப சொன்னா இன்னும் மோசமாயிடும்னு..."

"ரெண்டு வருஷம்."

"ஆமா."

"அங்க போய் எண்ணெய் போட்டுட்டு, அவ இன்னும் கோவமாத்தான் இருக்கான்னு வேற சொல்லிட்டு வந்தீங்க."

 லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டுக்குள் ஆறு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவன், கால் கூசாது. இப்போது கம்பியை விடவே இல்லை.

"நானும் அவங்களை ஒரு வார்த்தை கேக்கல" என்றாள் அவள். "கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். யார் மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சு. நீங்க ஒரு பேரைக் குடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன்."

"என்னை என்ன வேணா சொல்லு."

"இப்ப எனக்கு நேரமில்ல. நாலு மணி நேரம் சிரிக்கணும்."

போய்க் கால் முளைத்த மீனுக்கு வண்ணம் அடிக்க உட்கார்ந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சுண்டுவின் வாய் நின்றது.

கையில் இருந்த பென்சில் தானாக நழுவியது. கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் "ம்" என்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டபோது அதுவும் இல்லை.

இரண்டு மணி நேரம். போன தடவையும் இதே இரண்டு மணி நேரம்தான். அப்போதும் முதலில் பேச்சுதான் நின்றது என்று அவன் சொல்லியிருக்கிறான். அம்மா வாந்தி எடுக்க வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். அப்பா ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தான். வந்தவன் கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். சில்லென்று ஆகிறதா என்று பார்க்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் இந்தப் பக்கம் நெற்றியில் கை வைத்திருந்தாள்.

நர்ஸ் நாடி பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றை அழுத்தினாள். வாயருகே குனிந்து மூச்சைக் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு எழுந்தா?"

"அஞ்சு."

"அப்புறமென்ன? தூங்கறாம்மா. குறட்டை கேக்கல?"

கேட்டது. சின்னதாக, ஒரு பூனைக்குட்டியின் அளவுக்கு. இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாதத்தை விடவில்லை. அவள் விடச் சொல்லவும் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு டாக்டர் வந்தபோது சுண்டு விழித்துப் பசிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பாஸ்" என்றார் டாக்டர். "முழு பாஸ்னு சொல்ல மாட்டேன். மூணு நாள் தினமும் ஒரு பிஸ்கட். வயிறு, மலம், தோல், தூக்கம் எல்லாத்தையும் கவனிங்க. இந்த வகை சில நேரம் நிதானமா, ரெண்டாம் நாள் மூணாம் நாள்கூட வரும். வாந்தி வந்து, பிள்ளை துவண்டா யோசிக்காம உடனே இங்க தூக்கிட்டு வந்துடுங்க. லேசா ஏதாவது தெரிஞ்சாலும் பிஸ்கட்டை நிறுத்திட்டு போன் பண்ணுங்க. ஒண்ணும் வரலன்னா, இவ அந்த முக்கால்வாசி வரிசையில சேந்துட்டான்னு நம்ப ஆரம்பிக்கலாம்."

நம்ப ஆரம்பிக்கலாம். நாலரை வருடத்தில் அவர் சொன்ன மிகப் பெரிய நல்ல செய்தி அது. சுண்டுவின் அம்மாவுக்குத் துள்ளத் தோன்றவில்லை. கால் வலிக்கிறது என்பது மட்டும் அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் போனதும் கணவனிடம் திரும்பினாள்.

"போனை எடுங்க. அண்ணிகிட்டப் பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"வீட்டுக்குப் போய்..."

"இப்போ."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அண்ணி. கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"என்னடா ஆச்சு? வாந்தி எடுத்தாளா?"

"இல்லக்கா. நல்லா இருக்கா. பசிக்குதுன்னு கத்தறா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரி, வை. கடையில ஆள் நிக்குது."

"அக்கா... அன்னைக்கு நான்தான் உன்னைக் குடுக்கச் சொன்னேன். அத இவகிட்ட சொல்லல. சொல்லலங்கறத உன்கிட்டயும் மறைச்சுட்டேன்."

"தெரியும். காலையில அவ மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு." குரல் உயரவில்லை. "ரெண்டு பிறந்தநாள்டா. ரெண்டுக்கும் பால் இல்லாம கேக் செஞ்சு வெச்சுட்டு, கொண்டுவரலாமா வேணாமான்னு நின்னுட்டு, வேலைக்காரங்களுக்குக் குடுத்துட்டேன். உனக்கென்ன, எண்ணெய் போட்டுட்டுப் போயிட்ட."

சுண்டுவின் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நாளைக்கு அடுத்த பிஸ்கட். நீங்க வந்து குடுங்க."

"என்ன?"

"வீட்டுக்கு வாங்க. உங்க கையால குடுங்க."

"பத்து மணி வரைக்கும் கடைய விட்டு நகர முடியாது."

"பத்தரைக்குக் குடுக்கலாம்."

அடுப்புக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. யாரோ எதையோ கேட்டார்கள். அண்ணி அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"ஏம்மா, நாளைக்கோ நாளன்னைக்கோ பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? மறுபடி என் பேருதானே வரும்?"

உடனே பதில் சொல்லியிருக்கலாம். வராது என்று ஒரு வார்த்தை. ஆனால் வராது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பயத்தில் மனுஷி என்னவெல்லாம் பேசுவாள் என்பதை இரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்தாயிற்று.

"ஆச்சுன்னா, நான் கூப்பிட்டேன், நீங்க குடுத்தீங்கன்னு சொல்லுவேன் அண்ணி. டாக்டர்கிட்டயும், எல்லார்கிட்டயும்."



"மாவு பொங்கிட்டிருக்கு" என்றாள் அண்ணி. போன் நின்றுவிட்டது.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில்மேல் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சுண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும்மா அது?"

"உன் அத்தை."

"அத்தைன்னா யாரு?"

நாலரை வயதுப் பிள்ளை. அதில் இரண்டு வருடம் போய்விட்டது. சுண்டுவின் அம்மா கணவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "எதையும் விடாம சொல்லுங்க."

அவன் மகளின் செருப்பு வாரைப் பிடித்தபடி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.